மார்கிறட் பொருத்திய எலும்புகள்

புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து பரந்தன் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் மார்கிறட்டின் கோழிக்கடை வரும். அவள் முள்ளிவாய்க்காலில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவள். போர் முடிந்து, பதினாறு வயதில் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தபோது, பக்கத்துக் கூடாரத்து ஜெயரூபினியும் அவளும் ஒரே விஞ்ஞானப் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள். ஒருத்தி வாசிப்பாள், மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முகாமிலிருந்து வெளியே வந்தபின் ஜெயரூபினி பல்கலைக்கழகம் போய் ஆசிரியை ஆனாள். போரில் காணாமல்போன மார்கிறட்டின் தகப்பன் திரும்பி வரவில்லை. பிழைப்புக்காக அவள் கோழி வெட்டும் கத்தியைப் பிடித்தாள். தம்பி ஸ்ரீபன் மட்டும் குடும்பத் தொழிலை விடாமல் நாயாற்றில் வலை போட்டான்.

நாலு வருசத்துக்கு முன் ஒரு நாள், கோழியொன்றின் நெஞ்சுத் தசையைப் பிரிக்கையில், உள்ளே சிறிதாகக் கிடந்த இரண்டாவது தசையின் வெள்ளை நார் அவளுடைய விரலில் சிக்கியது. இழுத்தாள். செத்த கோழியின் செட்டை மேலே எழும்பியது. விட, இறங்கியது. செட்டையைத் தூக்கும் தசை முதுகில் இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அதுவும் நெஞ்சில்தான் இருந்தது. அதன் நார் தோள் எலும்புகளுக்கு நடுவே உள்ள துளையால் ஏறி, கப்பியில் போட்ட கயிறுபோல வளைந்து, செட்டை எலும்பைப் பிடித்திருந்தது.

உடனே ஜெயரூபினிக்குப் போன் எடுத்தாள். "அடியே, பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வா. உனக்கு ஒரு சாமான் காட்டவேணும்."

ஜெயரூபினி வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தானும் அந்த நாரை மூன்று தரம் இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். "இதை என்ர பிள்ளையளுக்குக் காட்டவேணும் மார்கிறட். எலும்புக்கூடாச் செய்து தருவியோ?"

அப்படித்தான் தொடங்கியது. முதலில் கோழி. பிறகு, வலையில் சிக்கிச் செத்த நீர்க்காகத்தை ஸ்ரீபன் கொண்டுவந்தான். காட்டுப் பறவைகளின் எலும்பை வைத்திருக்க அனுமதி வேண்டுமென்று ஜெயரூபினி பாடசாலையின் பெயரில் கடிதம் எடுத்தாள். மார்கிறட் கடை பூட்டியபின் பின்வளவில் உட்கார்ந்து, இறைச்சியை வழித்து, எலும்பைச் சலவைத்தூள் தண்ணீரில் கிழமைக் கணக்கில் ஊறவைத்து, மெல்லிய செப்புக் கம்பியால் பொருத்துவாள். உடைந்த எலும்பையும் எறியமாட்டாள். பருந்தின் கை எலும்புக்குள் வெறுங்காற்று. சுவர் மடங்கிப் போகாதபடி குறுக்கே நூல்போன்ற முட்டுகள். நீரில் மூழ்கும் நீர்க்காகத்தின் எலும்போ கனமாயிருந்தது. இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினாள். ஜெயரூபினி ஞாயிறு பூசை முடிந்து வந்து, எலும்புகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருக்கும் திரும்பவும் பதினாறு வயது.

இரண்டு வருசத்தில் பத்துப் பறவைகள் சேர்ந்தன. மார்கிறட்டுக்கு மிகப் பிடித்தவை இரண்டு. ஓலை வெட்டும்போது விழுந்த பனை உழவாரன் ஒன்று. மின்கம்பியில் அடிபட்ட தகைவிலான் மற்றது. பறக்கும்போது இரண்டையும் ஒரே சாதி என்றுதான் எவரும் சொல்வார்கள். பறவைகளை நிறுத்திய பலகையின் இரண்டு அந்தங்களில் அவள் அவற்றை வைத்தாள்.

கிளிநொச்சியில், ஆசிரியர்கள் தாங்களே செய்த கற்பித்தல் சாதனங்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. "நீயும் வா, வழியில ஒண்டும் உடையாமப் பிடிச்சுக்கொள்ளவேணும்" என்றாள் ஜெயரூபினி. மார்கிறட் கடையைப் பூட்டிவிட்டு, கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வாகனத்தில் போகும்போது எலும்புக்கூட்டுப் பெட்டிகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

மண்டபத்தில் மேசையின் முன்னால் ஒரு அட்டை நின்றது. 'ஆக்கம்: ஜெயரூபினி, விஞ்ஞான ஆசிரியை.' மார்கிறட் அதை இரண்டு தரம் வாசித்தாள். கீழே இன்னொரு வரி இருக்குமென்று குனிந்தும் பார்த்தாள். இல்லை.

நடுவராக வந்தவர் பரமேஸ்வரன் என்ற வயதான விரிவுரையாளர். மேசையைச் சுற்றி வந்து கேட்டார்: "ரீச்சர், உழவாரனையும் தகைவிலானையும் ஏன் இவ்வளவு தள்ளி வச்சிருக்கிறியள்?"

ஜெயரூபினி பலகையைப் பார்த்தாள். "அது... ரெண்டும் வேற வேற குடும்பம் சேர்."

"எதை வச்சுச் சொல்லுறியள்?"

அவள் முன்னால் நின்ற அட்டையை நேராக்கி வைத்தாள். பின்னால் நின்ற மார்கிறட்டால் பொறுக்க முடியவில்லை.

"தோளுக்குக் கிட்ட இருக்கிற எலும்பைப் பாருங்கோ ஐயா. உழவாரனுக்கு அது கட்டையாக் குறுகிப்போய், கையின்ர நுனிதான் நீளம். தகைவிலானுக்கு அப்பிடி இல்லை. காலும் வேற. தகைவிலான் கம்பியில குந்தும், உழவாரனுக்குத் தொங்கத்தான் ஏலும். தகைவிலான் சிட்டுக்குருவியின்ர பக்கம் ஐயா. ஒரே மாதிரிப் பூச்சி பிடிச்சுப் பிடிச்சு உருவம் ஒண்டாப் போச்சு, அவ்வளவுதான்."

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்கள் ஆர் அம்மா?"

மார்கிறட் வாய் திறக்க முன்னமே ஜெயரூபினி சொன்னாள்: "இந்த அக்கா கோழிக்கடை வச்சிருக்கிறா சேர். எலும்புகளைக் கழுவித் தாறவா."

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஜெயரூபினி அவளை அதுவரை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

மார்கிறட் பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். உடையார்கட்டு வரை ஒன்றும் உறைக்கவில்லை. அதன் பிறகு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

முதலிடம் ஜெயரூபினிக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள்.

"ஆசிரியர் செய்தது எண்டால்தானே எடுப்பினம். சட்டம் அப்பிடி. நான் என்ன செய்யிறது?"

"பேரை விடு. அந்த மனிசன் என்னை ஆர் எண்டு கேட்டதுக்கு உன்ர சிநேகிதி எண்டு சொல்ல ஏலாமல் போச்சே?"

"அவ்வளவு ஆக்களுக்கு முன்னால... பதட்டத்தில வந்திட்டுது மார்கிறட்."

"பதட்டத்திலதான் உள்ளது வரும்" என்றாள் மார்கிறட். பிறகு கோழி வாங்க அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டாள்.

அதன்பின் ஜெயரூபினி வரவில்லை. பத்துப் பறவைகளும் பாடசாலை ஆய்வுகூடத்தில், அதே அட்டையோடு இருக்கின்றன. ஸ்ரீபன் போய்த் தூக்கிக்கொண்டு வருவதாக நின்றான். "பிள்ளையள் பாக்கட்டும்" என்று மார்கிறட் தடுத்துவிட்டாள். ஜெயரூபினியை மன்னித்துவிட்டீர்களா என்று, இந்தக் கதையை எழுத வந்த நான் கேட்டபோது, "இல்லை" என்று நேராகவே சொன்னாள்.

போன மாரியில் ஸ்ரீபனின் வலையில் முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவை ஒன்று அகப்பட்டுச் செத்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முழங்காலடியில் கூராக நீண்டு நின்ற ஓர் எலும்பு அவளைத் திகைக்க வைத்தது. கோழியில் அப்படி நிற்பதில்லை. பெயர் தெரியவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளின் இலக்கம் இன்னும் போனில்தான் இருக்கிறது. கொப்பியில் அந்த எலும்பின் படத்தைக் கீறி, பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள்.