மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு போஸ்டர்

எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்றால் கீழே பாடசாலை மைதானம். பெருநாளைக்கு அங்கே இசை நிகழ்ச்சி வைத்தால் மேடையின் முதுகு எங்கள் பக்கம்தான் இருக்கும். கூட்டத்துக்குள் போய் ஏன் நெரிபட வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் எல்லாரும் வட்டிலப்பத் தட்டுகளோடு எங்கள் மாடிக்கே வந்துவிடுவார்கள். கல்முனைக்குடியில் நாங்கள் கச்சேரி பார்ப்பது இப்படித்தான். பாடகரின் முகம் எப்படி என்று கேட்டால் தெரியாது. அவருடைய சட்டை பின்னால் பிதுங்கி நிற்பதைப் பற்றி வேண்டுமானால் நிறையச் சொல்லலாம்.

ட்ரம்ஸ் அடிப்பவர் என் கணவர். மற்ற நாட்களில் ஹாட்வெயார் கடை. கடையோ கலியாண வீடோ, தலையில் ஒரு தொப்பி இருக்கும். முன்பக்கம் அடர்ந்த முடி, உச்சிக்குப் பின்னால் வெட்டையாய் வழுக்கை. அது வெளியே தெரியக்கூடாது என்று அவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன பெருநாளன்று புழுக்கம் தாங்காமல் மேடையிலேயே தொப்பியைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டார். முன்னால் இருந்த ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பின்னால் நாங்கள் இருந்தோம். ஊதா விளக்கு சுழன்று வரும்போதெல்லாம் அங்கே பட்டுப் பட்டுத் தெறித்தது.

அடுத்த நாளே வரையத் தொடங்கினேன். நான் பாலர் பாடசாலை ஆசிரியை, மாம்பழமும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்தே கை மரத்துப்போனவள். நான் வரைந்த ஒன்றாவது ஊர் பார்க்கிற சுவரில் ஏற வேண்டும் என்று வெகுகாலமாக ஆசை, யாரிடமும் சொன்னதில்லை. பெரிய பிரிஸ்டல் போர்டில் கறுப்பைப் பூசினேன். பழைய டூத்பிரஷை மஞ்சளில் தோய்த்து விரலால் தெறிக்கவிட்டேன். அது போன் வெளிச்சங்களைத் தூக்கிப் பிடித்த சனம். அதற்கு இந்தப் பக்கம் முதுகுகளும் வயர்களும். நடுவில், ஊதாவும் வெள்ளையுமாக ஒரு வட்டம்.

உம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் உள்ள படத்தை மாட்டினால் வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பதில் அவர் கண்டிப்பு.

“கண்ணுமில்ல, மூக்குமில்ல. எல்லாம் முதுகுதானே, மாட்டலாம்” என்றார். பிறகு, “மருமகன் நல்லா வந்திருக்காரு” என்றார்.

ஒத்திகைக்கு என் கணவரைக் கூட்டிப்போக வந்த பாடகர் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தை நான் கண்டதே அன்றுதான். சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மச்சான், இது நீதானே! பொத்துவில் கச்சேரி வாசலுக்கு இதுதான்டா போஸ்டர்!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவரின் முகமோ சுருங்கிப்போனது. பாடகர் போனதும் சொன்னார்:

“அதக் குடுக்க ஏலா புள்ள.”

“முகமே இல்லாத படம். உங்கள ஆருக்கு விளங்கும்?”

“அவனுக்கு விளங்கிச்சி. மாமிக்கும் விளங்கிச்சி. இனி பொத்துவில் முழுக்க விளங்கணுமா? ஒரு தொப்பிய வரஞ்சி உடு.”

கடதாசியில் தொப்பி வெட்டி வைத்துப் பார்த்தேன். படம் செத்துப்போனது. மேடையில் இருந்த வெளிச்சமே அந்த வட்டம்தான்.

“தொப்பி போட மாட்டன். ஏலுமெண்டா இப்பிடியே கொண்டு போங்க, இல்லாட்டிக் கிடக்கட்டும்” என்றேன். அதன் பிறகு சோறு வைத்தேன், கதைக்கவில்லை. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். தலை அவருடையதுதான், ஆனால் படம் என்னுடையது அல்லவா?

கச்சேரியன்று காலையில் பார்த்தால் சுவரில் படமில்லை. அவரும் இல்லை. கிழித்தே போட்டிருப்பார் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் மனம் கேட்காமல் பின்னேரம் உம்மாவோடு பொத்துவிலுக்கு பஸ் ஏறினேன்.

மைதான வாசலில் என் படம்! ஓடிக் கிட்டப் போனேன். வட்டத்துக்கு மேல், சரியாக அங்கே மட்டும், ‘அனுமதி இலவசம்’ என்று அச்சடித்த ஒரு துண்டு. கீழே எவ்வளவோ கறுப்பு சும்மா கிடந்தது. இவருக்கு ஒட்ட இடம் கிடைத்தது அங்கேதான். ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பசை இன்னும் காயவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். துண்டோடு பெயின்டும் உரிந்து வந்தது. வழுக்கை இரண்டு மடங்காகி வெள்ளைவெளேரென்று நின்றது.

திரும்பினால், தொப்பியோடு அவர். படத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார்.

“இப்ப சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் என் படத்துக்கு முன்னால் நின்று போனில் படம் பிடித்தார்கள். நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனாலும் அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பக்கம், பெண்கள் வரிசையில் இருந்து கச்சேரி பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. முடிவில் பாடகர் வாசித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொருவரும் எழுந்து தலை தாழ்த்தினார்கள். இவருடைய முறை வந்தது. எழுந்தார். சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தொப்பியைக் கழற்றினார். மைதானம் முழுக்க விசில்.

“என்ன மகள், மருமகன் கோவிச்சிக்கிட்டுத் திரும்பிட்டாரா?” என்று உம்மா பதறினார்.

நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல உம்மா, போஸ்டருக்கு நிக்கிறாரு.”