துரைக்கு எடுத்துவைத்த பிரேக் பட்டை

மோட்டார் சாமான் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: சாமான் அலமாரியில் இருக்கும்வரை கவலையில்லை, விற்ற பிறகுதான் தூக்கம் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில், ஈப்போவில் அப்படி ஒரு கடையில் நான் ஸ்டோர் பார்த்தேன். காடி என்று நாங்கள் சொல்லும் மோட்டார் காரைச் செய்த கம்பெனியின் அசல் சாமான் சீமையிலிருந்து கப்பலில் பினாங்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வரவேண்டும். அதே அளவில் வேறு கம்பெனி மார்க் சாமான் எப்போதும் கையிருப்பில் இருக்கும். எதைக் கொடுத்தாலும் நமக்கு நிம்மதி கிடையாது. நீங்களும் இந்தப் பிழைப்பில் இருந்தவர் என்றால் சிரிக்காமல் படிப்பீர்கள்.

காலிப் பெட்டி

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வருவார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காடிக்கு அசல் சாமான்தான் வேண்டும் என்று குதிப்பார். ஒருநாள் அசல் பிளக் தீர்ந்துவிட்டது. மனிதர் கையைப் பிசைந்துகொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வேறு மார்க் பிளக்கையே எடுக்கச் சொன்னார். கூடவே கம்பெனியின் காலிப் பெட்டி ஒன்றும் கேட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"பிளக்கு எதா இருந்தா என்ன தம்பி, துரை பெட்டியத்தானே பாக்கப் போறாரு!"

ஆ செங் சொன்ன தீர்ப்பு

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனர் ஆ செங் நேர்மாறு. பெட்டியைத் திறந்ததும் தூக்கி எறிந்துவிடுவார். சாமானை நகத்தால் சுரண்டி, மோந்து, காதருகே தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். "எது நல்லது, ஒரே பேச்சாகச் சொல்லுங்கள்" என்று அவரை நச்சரித்தேன். எங்களோடு பழகிக் கற்ற தமிழில், நல்லது என்பதற்கு பாகுஸ் என்ற மலாய்ச் சொல்லைக் கலந்து சொன்னார்:

"அசல் பாகுஸ் லா, ஆனா கப்பல்லே இருக்கு. இது கொஞ்சம் கொறச்சல் லா, ஆனா கையிலே இருக்கு."

சூசை உட்காரவில்லை

சூசை புந்தோங்கில் வாடகைக் காடி ஓட்டியவர். தலைப்பிரசவத்துக்காக அவர் மனைவி சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நாளைக்குள் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சொல்லியனுப்பியிருந்தார். பிரேக் பட்டையோ தேய்ந்து ஆணி தெரிந்தது. நாற்காலியைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை. "அசல் இருக்காண்ணே?" என்றார்.

இருந்தது, ஒரே ஒரு செட். அந்தக் கிராணி சொல்லிவைத்தது. பெட்டிமேல் துரை பெயரை எழுதி மேசையடியில் வைத்திருந்தேன். கிராணிக்குப் பெட்டி போதும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் துரை சாமானில் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை. "இல்லை, கப்பலில் வருது" என்று சொல்லி வேறு மார்க்கை எடுத்துவைத்தேன்.

"எதுன்னாலும் குடுங்கண்ணே. காடி நிக்கணும், அவ்வளவுதான் லா."

ஹாரன் சத்தம்

ஆ செங் பட்டையை மாட்டிக்கொடுக்க, சூசை கிளம்பிவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழியெல்லாம் ஏற்ற இறக்கம், போதாததற்கு மழை. வரும்போது பிள்ளைத்தாச்சி வேறு. தெருவில் ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். "நல்லாத்தானே மாட்டினீங்க?" என்று ஆ செங்கிடம் மூன்று தடவை போய்க் கேட்டேன். பிளக் கேட்டவருக்கு பெல்ட் எடுத்துக் கொடுத்தேன். துரை பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாம் நாள் சூசை வந்தார். பெண்குழந்தை. தாயும் சேயும் சுகம். "பட்டை பிடிச்சுதா?" என்றேன். "நல்லாப் பிடிச்சுது" என்றார். எனக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் காப்பி வரவழைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து மேசையடியைக் காட்டினார்.

"அந்தப் பெட்டி அன்னைக்கே என் கண்ணுல பட்டுச்சுண்ணே, துரை பேரோட. உங்ககூட சண்டை போட நேரமில்ல, அதான் வாய மூடிக்கிட்டுப் போனேன்."

அந்த வேறு மார்க் பிரேக் பட்டை கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. விற்றவனைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.