தரையைக் கூட்டிய கால்சட்டை

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் அந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். உடம்பை ஒட்டித் தைத்த கோட்டு, ஒடுங்கிய கால்சட்டை. இவர் எப்போது மாறினார்? சட்டென்று மூடி வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் இவர் போட்டதே வேறு. ஒரு காலுக்குள் இரண்டு பேர் நுழையலாம். நுனி தரையைக் கூட்டும். அதற்கு முன்பு இவரைப் போன்றவர்கள் பளபளக்கும் சட்டையும் உச்சியில் தட்டையாக வெட்டிய முடியுமாக இருந்தார்கள். எங்கள் காக்காவும், என் அண்ணன்தான், துபாயில் அல் குசைஸ் சலூனில் தலையைத் தட்டையாக்கிக்கொண்டு வந்து, வாப்பாவிடம் அடி வாங்கப் பார்த்தார். ஜெபல் அலி துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல் நின்றால், கறுப்பு மாலுமிகள் கடைத்தெருவில் நடப்பதைப் பார்க்கவே லீவு போடுவார். யாருக்கும் ஒதுங்காத நடை அது. நாள் முழுக்க "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டப்படுகிறவருக்கு அது என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை. பிறகு அவரும் அந்தத் தொளதொளக் கால்சட்டையில் வந்து நின்றபோது சிரித்தேன்.

"என்ன காக்கா, சாக்கைத் தச்சுப் போட்டிருக்கீங்களா?"

"போ புள்ள. ஒனக்கு இங்கிலீசு தெரியும், ஸ்டைலு தெரியாது."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இன்றும் உண்டு. காக்கா சினிமா போஸ்டரைப் பார்த்தே தமிழை எழுத்துக்கூட்டக் கற்றவர். இங்கிலீஷ் அறவே வராது. பத்திரிகையோ பிஸ்கட் டப்பாவோ, என்னிடம் நீட்டுவார்: "என்ன எழுதியிருக்கு, படி புள்ள."

இருவருக்கும் ஜெபல் அலியில் ஒரே கிடங்கில் டூட்டி. நான் டைப்பிஸ்ட், அவர் ஓடும் பெல்ட்டில் பெட்டி ஏற்றுபவர். ஆப்பிரிக்காவுக்குப் போகும் துணிகள். உடைந்த பெட்டி ஒன்றிலிருந்துதான் அந்தக் கால்சட்டை அவருக்குக் கிடைத்தது. வேலை உடுப்பு தரும் வழக்கம் அங்கே இல்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் பாய் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்: ஓடும் பெல்ட் அருகே தொளதொளத்த உடுப்பு கூடாது. கீழே தமிழிலும் கையால் எழுதிவிடு என்றார். எனக்கு மனம் வரவில்லை. பிழையே இல்லாத டைப் எழுத்துக்குக் கீழே பேனாக் கிறுக்கலா? இங்கிலீஷ் மட்டும் சுவரேறியது.

மறுநாள் காலை காக்கா அதன் முன்னால் நின்று எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். கால்சட்டை நுனி தூசியில் கிடந்தது.

"நீ அடிச்சதா? அச்சுப் போட்ட மாதிரியில்ல இருக்கு! என்ன எழுதியிருக்கு, படி புள்ள."

உள்ளே போன் அடித்தது. "ஏதோ ரூலு காக்கா, அப்புறம் சொல்றேன்."

கதவு மூடும்போது அவர் பக்கத்திலிருந்த பட்டான் தொழிலாளியிடம், என் தங்கச்சி என்று இந்தியில் பெருமையாகச் சொல்வது கேட்டது: "மேரி பெஹன், மேரி பெஹன்."

பத்து மணி இருக்கும். என் டைப் சத்தத்துக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட் சத்தம் நின்றது. விரல்களை எடுத்தேன். பிறகுதான் கூச்சல்.

காக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சூப்பர்வைசர் பாய், "நோட்டீஸ் போட்டிருந்தோமே பாய், தொளதொள உடுப்பு கூடாதுன்னு" என்றார். காக்கா என்னைப் பார்த்தார்.

அந்தக் கால்சட்டையை இப்போது யாரும் போடுவதில்லை. தட்டை முடியும் போயிற்று, கிடங்கையும் இடித்துவிட்டார்களாம். காக்கா ஊரில் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். லீவில் போகும்போது பார்ப்பேன்: புதிதாக மருந்துப் புட்டி வந்தால், அதன் மேலுள்ள இங்கிலீஷை விரலால் தடவிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் போய் நிற்பேன். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார்.