அன்வர் பாய் போட்ட கத்தித் தடுப்பு

அன்வர் பாய் போய்ட்டார். காலையில அவர் பையன் போன் பண்ணிச் சொன்னான்.

எழுபதுகளோட கடைசியில, ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒடுகத்தூர்ல, ஒரே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தவங்க நாங்க. எனக்கு அரம், அவருக்கு இரும்பு, பித்தளையைச் செதுக்குற மில்லிங் மெஷின். பழைய மெஷின்தான்... ஆனா பக்கத்துல நின்னு டீ குடிச்சாக்கூட மனுஷன் முறைப்பார்!

ஒருநாள் மலையிலேர்ந்து கோவிந்தன்னு ஒருத்தர் வந்தார். ஆட்டுத்தோல் உரிக்கிறவர். கொழுப்புல கை வழுக்கி பிளேடு மேல ஏறி வெட்டுப்பட்டதுல, ஒரு வெரல் ஏற்கெனவே மடங்காது.

"இன்னொரு வாட்டி வெட்டிக்கினா என் பொழப்பே போச்சு பாய்"னு கத்தியை நீட்டினார். கை வழுக்காம இருக்க, பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல யாரோ போட்ட தடுப்பு லொடலொடன்னு ஆடிச்சு.

மலைக் கொல்லர் அடிச்ச பிளேடு. ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிசு. எல்லாரும் தடிப்புக்கு அளவெடுத்துத் தடுப்புல ஓட்டை போடுவாங்க, உள்ள நுழைஞ்சா சரின்னு. அதான் ஆடும்.

பாய் மெலிசான இடத்துக்கு அளவெடுத்தார். புதுத் தடுப்புக்கு ஒரு பித்தளைத் துண்டை மெஷின்ல இறுக்கி, கட்டரை அவ்ளோ மெதுவா இறக்கி அந்த அளவுக்கே ஓட்டை போட்டார். அப்புறம் பிளேடோட தடிப்பை என்னை ராவச் சொன்னார்.

"இன்னும் ஒரு இழுப்பு... லேசா... போதும், நிறுத்து!"

மரச்சுத்தியால தட்டித் தட்டி ஏத்தினோம். வெயில்ல பிடிச்சுப் பார்த்தா, சந்துல பொட்டு வெளிச்சம் இல்ல. பித்தளையும் இரும்பும் ஒண்ணாப் பொறந்த மாதிரி.

பிடியும் போட்டாச்சு. கொடுத்துடுவார்னு பார்த்தா... தன் உள்ளங்கையில கடலெண்ணெயைத் தடவினார். கத்தியைப் பிடிச்சு, முழு பலத்தோட புளியங்கட்டையில ஓங்கிக் குத்தினார்!

"ஐயோ பாய், உங்க கை!"ன்னு கோவிந்தன் அலறிட்டார்.

"இன்னாப்பா... என் வேலையை நீ வூட்டுக்குப் போய் உன் கையில சோதிச்சுப் பாக்கணுமா?"

வழுக்கின கை தடுப்புல முட்டி நின்னுச்சு, தடுப்பு அசையல. கோவிந்தன் கத்தியை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

அதுக்கப்புறம் எத்தனையோ கத்தி. ஒவ்வொண்ணையும் எண்ணெய்க் கையோட அவரே குத்திப் பார்த்துட்டுத்தான் கொடுப்பார். ஒவ்வொரு வாட்டியும் நான் கண்ணை மூடிக்குவேன். அப்பேர்ப்பட்ட தைரியம் எனக்கு இன்னிக்கும் பிடிபடல.

மதியம் போய்ப் பார்த்தேன். துணி போத்துறதுக்கு முன்னாடி அவர் கையைத் தொட்டேன்.

பத்து வெரலும் முழுசா இருந்துச்சு.

சலாம், பாய்...