கிருஷ்ணப்பனின் பிஸ்கட் டப்பா

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டிய கிருஷ்ணப்பனுக்கு, அறுபத்தெட்டாவது வயதில்தான் தனி அறை வாய்த்தது. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் கிடைக்காத ராஜயோகம்: உள்ளே வருகிற எவரும் கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் வரவேண்டும். அமைச்சருக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

எல்லாம் கிருமிகளின் உபயம். ப்ராஸ்டேட் வீங்கி அடைத்ததால் போட்ட மூத்திரக் குழாயில், அவை பட்டா கேட்காமல் குடியேறி, வழுவழுவென்று ஒரு படலமும் கட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரி குழாயை மாற்றியது, ஜுரம் மாறவில்லை. பதினான்கு மருந்துகளைச் சோதித்தார்கள். பதின்மூன்றை அவை ஆக்கிரமிப்பு அகற்ற வந்த அதிகாரிகளைப் போல உபசரித்து அனுப்பிவிட்டன. ஒரே ஒரு ஊசிக்கு மட்டும் கொஞ்சம் பயந்தன.

"முன்னாடி என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்க ஐயா?" என்றார் டாக்டர் தஹ்சீன்.

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? எங்க பிளாக்குக்கே நான்தான் சப்ளை!"

உண்மைதான். பிளாக்கில் யாருக்காவது ஜுரம் என்றால் டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதுவார். ஜுரம் இரண்டாம் நாள் விடும். மீதி மாத்திரை கிருஷ்ணப்பனின் பிஸ்கட் டப்பாவுக்கு வரும். அடுத்த வீட்டில் யாராவது இருமினால் அங்கிருந்து இரண்டு போகும். தனக்கு மூத்திரம் எரிந்தபோதெல்லாம் அவரும் கைக்கு வந்ததில் இரண்டு போட்டுக்கொண்டார். மனைவி போய் ஒன்பது வருடம். அதன்பிறகு அவர் கதவை யாராவது தட்டினார்கள் என்றால், அது டப்பாவுக்காகத்தான்.

"தப்பான மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டா, அதைத் தாங்கிப் பழகின கிருமிதான்யா மிஞ்சும். அது அடுத்தவங்களுக்கும் பரவும்" என்றார் டாக்டர்.

அன்று கிருஷ்ணப்பன் மதியச் சோறு சாப்பிடவில்லை.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. தினமும் மூன்றே முக்காலுக்குத் தலை வாரிக்கொள்வார். பன்னிரண்டு நாளாக வந்தது ஈ மட்டும்தான். அதுவும் கவுன் போடாமல். பதின்மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பூவம்மா வந்து நின்றாள். அவர் வீட்டுச் சாவி அவளிடம்தான்.

"இன்னா நைனா, எப்டி கீற?"

"வா பூவு, உக்காரு!"

"உக்கார டைம் இல்ல நைனா. புள்ள எழிலனுக்கு ஜுரம் அனலா கொதிக்குது. டப்பாவ எங்க வச்சிகீற?"

கிருஷ்ணப்பன் நாற்காலியைப் பார்த்தார். சொன்னால் நாளைக்கும் வருவாள், நன்றி சொல்லவாவது.

"டிவிக்கு மேல கீது. ஆனா அத்த தொறக்காத. அப்டியே எடுத்தாந்து டாக்டரம்மாகிட்ட குட்துடு. புள்ளைய டாக்டராண்ட இட்டுனு போ."

"ரெண்டு மாத்திரைக்கு இவ்ளோ பிகுவா? ஆஸ்பத்திரி சோறு பேசுது!"

மூன்று நிமிடத்தில் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வழக்கம்போலத் தலை வாரிக்கொண்டார். நாலரைக்கு நர்ஸ் டப்பாவோடு வந்தார். "கேட்ல ஒரு அம்மா குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"உள்ள வர்லயா?"

"இல்லையே."

"கொஞ்சம் ஆட்டிக் காட்டுமா."

நர்ஸ் ஆட்டினார். முப்பதாயிரம் கன்டெய்னர் இறக்கியவருக்குச் சரக்கின் சத்தம் தெரியாதா? பெரிய காப்ஸ்யூல்களின் கடகடப்பு இல்லை. ஒரு முழு ரகமே காணோம்.

எழிலனுக்கு நாளைக்கு ஜுரம் விட்டுவிடலாம். மீதியைப் பூவம்மா வீணாக்க மாட்டாள், பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். பிளாக்கில் யாராவது இருமினால் இனி அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

கிருஷ்ணப்பன் சீப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, டப்பாவில் குறைவதைச் சொல்லவேண்டும், டாக்டரம்மா எப்போது வருவார் என்று கேட்டார்.