எலுமிச்சம்பழம் நசுக்கிய கம்ப்யூட்டர்

மறைந்த அப்பாவின் படங்கள், குரல்பதிவுகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு சர்வர் வேண்டும். பழைய கம்ப்யூட்டரே போதும், உயிர் இருந்தால்! பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் மஞ்சள் கறை. அப்போது நாங்கள் குடியிருந்த செந்தூல் ஃபிளாட்டின் கற்பூர வாசனை சட்டென்று வந்தது.

அன்று ஆயுத பூஜை. தான் ஓட்டும் லோரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த கையோடு, புதுக் கம்ப்யூட்டருக்கு அடியிலும் அப்பா ஒன்று வைத்தார்.

"இதுக்குச் சக்கரமே இல்லையேப்பா!"

"அதான் நான் தள்ளுறேன்லா!"

தள்ளினார். சாறு அவர் சட்டையெல்லாம் தெறித்தது. அம்மா கத்தினார், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

கறையைத் துடைக்க மனம் வரவில்லை. சுவிட்சைப் போடுமுன் கேட்டேன்:

"எலுமிச்சம்பழம் இருக்காம்மா?"

அம்மா கொண்டுவந்து வைத்தார். "மெதுவா தள்ளு. உங்கப்பா மாதிரி வேணாம்."

அப்பா மாதிரியேதான் தள்ளினேன்.