வாஷிங்டனில் மூன்று பேர், வன்னியில் ஒரு கிணறு

1. நில்

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் மேசையில் மீன் கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் எல்லா வேலைகளையும் உடனே நிறுத்தவும் என்றிருந்தது. நான் முதலில் கட்லட்டை நிறுத்தினேன்.

எங்களுடையது கண்ணிவெடி அகற்றும் தொண்டு நிறுவனம். இதைச் சொன்னதும் ஆட்கள் என் கால்களைக் குனிந்து பார்ப்பார்கள். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. நான் லண்டன் அலுவலகத்தில், நன்கொடைப் பணக் கணக்குகளைப் பார்க்கும் கிராண்ட் பிரிவில் இருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றவன். நான் கடந்த ஆபத்தான நிலம் என்றால், காலை நேரத்து மோர்டன் ஸ்டேஷன் வாசல்தான். இப்போது அந்தப் பிரிவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று எங்கள் குழு அமெரிக்கப் பணத்தில் வன்னியில் தவராசா அண்ணையின் காணியில் நின்றது. முக்கால்வாசி நிலம் கிளியர். கிணற்றைச் சுற்றிய துண்டு மட்டும் பாக்கி. அவர் தங்கை வீட்டுப் பக்கச் சாய்ப்பான பத்தியில் படுத்தெழும்பிக்கொண்டு, அந்தக் கிணற்றுக்காகக் காத்திருந்தார்.

குழுத் தலைவி சுகந்திக்கு போன் எடுத்தேன்.

"நிப்பாட்டுறம் அண்ணை. எங்கட வேலையில நில் எண்டா நிக்கிறதுதான் முதல் பாடம். திரும்ப எப்ப தொடங்கிறது?"

"தெரியாது."

"ஆரிட்டக் கேட்டாத் தெரியும்?"

அதுவும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், லைன் சரியில்லை என்றேன். பாக்கித் துண்டின் எல்லையில் சிவப்புத் தடிகளை நட்டு, மண்டையோட்டுப் பலகையையும் வைத்துவிட்டு, டிடெக்டர்களைப் பெட்டியில் போட்டார்கள். சம்பளம் கொடுக்க வழியில்லை. இரண்டு கிழமையில் குழு வீட்டுக்குப் போனது.

2. நிபுணர்

அமெரிக்க அரசமைப்பு பற்றி அலுவலகத்தில் எனக்குத்தான் தெரியும் என்றொரு நம்பிக்கை இருந்தது. காரணம், அதைப் பற்றிய ஆன்லைன் வகுப்பொன்றின் சான்றிதழ் என்னிடம் இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு இறால் உரித்துக்கொண்டு கேட்ட வகுப்பு அது. எங்கள் மேலாளர் சாந்தி மேடம் பினாங்குக்காரர், பேச்சில் மலேசிய 'லா' ஒட்டிக்கொள்ளும். "நீங்கதான் எக்ஸ்பர்ட் லா. பீல்டுக்கு விளக்கிச் சொல்லுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

சுகந்தி தன் போனை ஸ்பீக்கரில் போட்டு தவராசா அண்ணையிடம் கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"அண்ணை, அங்க மூண்டு பேர் இருக்கினம். காசு ஒதுக்கிறது காங்கிரஸ். அதைச் செலவழிக்கிறது ஜனாதிபதியும் அவருக்குக் கீழ இருக்கிற திணைக்களங்களும். சட்டப்படி நடக்குதோ எண்டு பாக்கிறது கோர்ட்."

"காங்கிரஸ் எங்கட காசை ஒதுக்கினதோ?"

"ஓம். போன வருசமே."

"அப்ப நிப்பாட்டினது?"

"ஜனாதிபதி. திரும்பப் பரிசீலிக்கப் போறாராம்."

"ஆர் தம்பி பெரிசு?"

"ஒருத்தரும் பெரிசில்லை. மூண்டு பேரும் சமம். ஒராளை ஒராள் தடுக்கலாம். அதுதான் அந்த முறையின்ர அழகு."

பின்னால் ஒரு சேவல் கூவியது. அண்ணை அடுத்த கேள்வியைப் போட்டார்.

"சமமெண்டா, ஒராள் சொன்ன உடன எப்பிடி எல்லாம் நிண்டது?"

இறால் உரித்த வகுப்பில் இதற்குப் பதில் இருந்திருக்கலாம்.

3. தீர்ப்பு

எங்களைப் போன்ற சில நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. ஒரு நீதிபதி, பணத்தை விடுவிக்கச் சொல்லி உத்தரவிட்டார். அலுவலகத்தில் கை தட்டினோம். நான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன், நிபுணன் அல்லவா?

சாந்தி மேடம் தட்டவில்லை. "போர்ட்டல் பாத்தீங்களா?" என்றார்.

பணம் வரும் இணையதளத்தைத் திறந்தேன். 'நிலுவையில்' என்றே இருந்தது. அன்றுதான் விஷயம் மண்டையில் ஏறியது. நீதிபதியிடம் பேனா இருக்கிறது. பணம் அனுப்பும் பட்டன் இல்லை. பட்டன் இருப்பது ஜனாதிபதியின் திணைக்களத்தில். அவர்கள் மேல் நீதிமன்றத்துக்குப் போனார்கள், உத்தரவு இடையில் நின்றது. பணத்தை ஒதுக்கிய காங்கிரஸில் ஜனாதிபதியின் கட்சிக்கே பெரும்பான்மை. மறுபக்க உறுப்பினர்கள் சிலர் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். நல்ல ஆங்கிலம்.

ஆனால் தீர்ப்புச் செய்தி எங்களைவிட வேகமாக ஓடியது. லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் இருக்கும் தவராசா அண்ணையின் மகள் மதுராவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அவள் அப்பாவுக்கு அனுப்பி, "கோர்ட் ஓம் எண்டிட்டுதாம்" என்றாள். அண்ணை கோர்ட்டை அறிந்த விதம் வேறு. ஊரில் காணி வழக்கில் நீதவான் தீர்ப்புச் சொன்னால், அளவைக்காரனும் பொலிஸும் வந்து வேலியைப் பிடுங்கி நடுவார்கள். வாயால் சொன்ன தீர்ப்பு காணியில் வந்து இறங்கும். இந்தத் தீர்ப்புக்கு ஒருவரும் வரவில்லை. கோர்ட் சொன்னபின் தடை நீங்கிவிட்டது, இனிக் கிணற்றைத் தானே இறைத்து வைப்போம் என்று வாளியோடு போயிருக்கிறார்.

சுகந்திதான் போனில் சொன்னாள். "இடது கால் அண்ணை. முழங்காலுக்குக் கீழ. ஆள் உயிரோட இருக்கிறார்." பிறகு அழுதாள். "தடியெல்லாத்தையும் பிடுங்கி, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கிறார். எங்களிட்டத் திருப்பித் தர. நாங்கள் அங்க நிண்டிருந்தா ஒரு சத்தம் போட்டிருப்பம்."

அன்று என்னிடம் பகிடிப் பேச்சு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோவிலில் மதுரா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், ஜட்ஜ் சொன்னது பொய்யோ?"

"இல்லைப் பிள்ளை, உண்மை."

"அப்ப நான் அனுப்பினதில என்ன பிழை?"

பிழையில்லை என்றேன். அவள் நம்பவில்லை. அர்ச்சனைத் தட்டு ஐயரிடம் போகாமல் அவள் கையிலேயே இருந்தது.

4. மழைக்கு முன்

பல மாதங்கள் கழித்துப் பணத்தில் ஒரு பகுதி வந்தது. எந்தக் கையின் எந்தக் கையெழுத்தால் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. சுகந்தி பாதிக் குழுவோடு திரும்பிப் போய், மழைக்கு முன் கிணற்றடியை முடித்தாள்.

எங்கள் தொழிலிலும் மூன்று பேர்தான். ஒருவர் வெடியை எடுப்பார், இன்னொருவர் சரி பார்ப்பார், மூன்றாமவர் நிலத்தைக் கையளிப்பார். சந்தேகம் வந்தால் எவரும் 'நில்' என்று சொல்லலாம். அமெரிக்காவின் ஏற்பாடும் அதே மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் வேலையை நிறுத்துவது காவலாக இருப்பது வெடி நிலத்துக்குள் நிற்கிறவருக்குத்தான். வேலிக்கு வெளியே காத்திருக்கிறவருக்கு அது காவல் அல்ல. அவருடைய மழை நிற்காது, தாகமும் நிற்காது. வெடியும் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். ஆகவே பிள்ளைகளே, வாஷிங்டனிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், நல்ல செய்தி என்றால் இன்னும் அவசரமாக, முதலில் காணிக்காரருக்குப் போன் எடுங்கள். கைதட்டல் பிறகு.

நிலம் கையளித்த அன்று நான் தவராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன். பிளாஸ்டிக் கால் கடிக்கிறது என்றார். கிணற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கல் என்றார்.

"தம்பி, அண்டைக்கு நான் கேட்டனெல்லோ, ஆர் பெரிசெண்டு?"

"ஓம் அண்ணை. எனக்கு இப்பவும் தெரியாது."

"எனக்குத் தெரியும். அந்தச் சிவப்புத் தடிதான்."